எட்டில் ஒன்று போதும்

வீட்டுப் பரணில் ஏறித் தேடினால் ஒரு சி.டி. உறை அகப்படும். கல்யாண ஆல்பத்துக்கும் உடைந்த மிக்ஸி ஜாருக்கும் நடுவில், மார்க்கர் பேனாவால் 'கேம்ஸ்' என்று கிறுக்கிய ஒரு தட்டு. 2003, 2004 வாக்கில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் இது உண்டு. பைக் ரேஸ், கார் ரேஸ், கோட்டை கட்டிச் சண்டை போடும் விளையாட்டு. அன்றைக்கு நீங்களோ உங்கள் பையனோ சாப்பாட்டை மறந்து ஆடியது.

ஆசையாக அதை எடுத்துத் துடைக்கிறீர்கள். புது லேப்டாப்பில் சி.டி. போட வாயே கிடையாது என்பது முதல் அதிர்ச்சி. எப்படியோ யாரையோ பிடித்துக் காப்பி பண்ணி ஓடவிட்டால் இரண்டாவது அதிர்ச்சி. கேம் நாலடி ஓடுகிறது, நிற்கிறது. மறுபடி நாலடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. திக்கித் திணறுகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அன்றைய கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு மூளை. இன்றைய லேப்டாப்பில் சாதாரணமாக எட்டு கோர். அதாவது ஒரே சில்லுக்குள் எட்டு மூளை. ஒவ்வொன்றும் அந்தப் பழைய மூளையைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். ஒற்றை ஆள் வேலை பார்த்தபோது வழுக்கிக்கொண்டு ஓடியது, எட்டு பயில்வான்கள் சேர்ந்து தூக்கும்போது ஏன் தடுமாறுகிறது?

பார்ப்பதற்கு இது கம்ப்யூட்டர் கேள்வி. எனக்கென்னவோ இதற்குள் ஒரு தர்ம நியாயக் கேள்வி ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள்.

'பழசாயிடுச்சு சார், கெட்டுப் போயிருக்கும்' என்று சிலர் சொல்வார்கள். தட்டில் கீறல் விழலாம். ஆனால் ஒழுங்காகக் காப்பியாகி வந்த கேம் கெட்டுப் போகாது. இரும்பு துருப்பிடிக்கும், அரிசி புழுக்கும். சாஃப்ட்வேரில் எழுதிய பூஜ்யமும் ஒன்றும் இருபது வருஷம் கழித்தும் அதே பூஜ்யம், அதே ஒன்று. கேம் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கிற உலகம்தான் மாறிவிட்டது.

எப்படி மாறியது என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம்.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த நாளில் கேம் எழுதியவர்களில் பலர் நேரத்தைக் கணக்கிட ஒரு சுலப வழி வைத்திருந்தார்கள். கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணுகிறோமே, அதேதான். இத்தனை ஆயிரம் எண்ணி முடி, பிறகு எதிரியை ஓரடி நகர்த்து. எண்ணுகிறவனின் வேகம் மாறவே மாறாது என்பது நம்பிக்கை.

மாறியது. அடுத்தடுத்து வந்த மெஷின்கள் மின்னலாக எண்ணின. கண்ணாமூச்சியில் ஒருவன் கண்மூடித் திறப்பதற்குள் நூறு எண்ணிவிட்டால் மற்ற பிள்ளைகள் எங்கே போய் ஒளிவார்கள்? கேமைத் தொடங்கிய கையோடு எதிரி வந்து உங்களைக் கொன்றுவிட்டுப் போனான். அதனால்தான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பட்டன் வைத்தார்கள். பெயரைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டுவது போலிருக்கும். அது வைக்கப்பட்ட காரணமோ வேகத்தைக் குறைக்க. டர்போவை அணைத்தால் புது மெஷின் பழைய மெஷின் மாதிரி நிதானமாக நடக்கும், பழைய கேமும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் 2005-ல் வந்தது. ஒரே சில்லில் இரண்டு கோர்கள் வைத்த ப்ராஸஸர்கள் நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த வருஷம் அது. இன்டெல் பென்டியம் டி, ஏ.எம்.டி.யின் அத்லான் 64 எக்ஸ் 2. இங்கே நான் படித்த பி.காம். கொஞ்சம் உதவிக்கு வருகிறது.

பேங்க் ரீகன்ஸிலியேஷன் ஸ்டேட்மென்ட் என்று ஒரு கணக்கு உண்டு. காமர்ஸ் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பெனியின் கேஷ் புக்கில் ஒரு தொகை இருக்கும். பாங்கின் பாஸ்புக்கில் வேறொரு தொகை இருக்கும். இரண்டும் தப்பில்லை. நீங்கள் கொடுத்த செக் இன்னும் பாஸாகவில்லை, பாங்க் பிடித்த கமிஷன் உங்களுக்கு இன்னும் தெரியாது. அவ்வளவுதான். ஆனால் ஒரு குமாஸ்தா காலையில் கேஷ் புக்கையும் மத்தியானம் பாஸ்புக்கையும் பார்த்து வியாபாரம் பண்ணினால் என்னாகும்? ஒருவேளை பணக்காரன், ஒருவேளை கடன்காரன். தலை சுற்றிவிடும்.

அன்றைய இரட்டைக் கோர்களில் நடந்தது இதுதான். ஒவ்வொரு கோருக்கும் 'டைம் ஸ்டாம்ப் கவுண்ட்டர்' என்று ஒரு சொந்தக் கடிகாரம். மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு கோர் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அதன் கடிகாரம் மற்றதைவிடப் பின்தங்கும். கேமோ உலகத்தில் ஒரே கடிகாரம்தான் என்று நம்பி எழுதப்பட்டது. விண்டோஸ் தன் வசதிக்கு அந்தக் கேமை இந்தக் கோரிலிருந்து அந்தக் கோருக்குத் தூக்கி வைக்கும். போன இடத்தில் மணி வேறு. திடீரென்று காலம் முன்னால் பாய்ந்திருக்கும், அல்லது பின்னால் போயிருக்கும். பாவம், கேம் திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பைத்தான் நாம் திக்கல் என்கிறோம். இதற்காகவே ஏ.எம்.டி. 'டூயல் கோர் ஆப்டிமைஸர்' என்று ஒரு மருந்து தயாரித்து வெளியிட்டது.

இன்றைய ப்ராஸஸர்களில் இந்தக் கடிகாரக் கோளாறைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய கேமை ஓயாமல் இடம் மாற்றினால் வேறு விதத்தில் சிரமம். ஒரு டெய்லரைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெஷின் மாற்றி உட்காரச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் அங்கே, நூல்கண்டு இங்கே. ஜாக்கெட் தைத்து முடிந்த மாதிரிதான்.

வைத்தியம் என்ன? அதைச் செங்கல்பட்டில் ஒரு சின்னக் கடையில் பார்த்தேன். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கடை. ரிட்டயரான ஒருவர் பேரனோடு வந்திருந்தார். மகன் காலேஜில் படித்தபோது ஆடிய கார் ரேஸைப் பேரனுக்குக் காட்ட ஆசை. புது லேப்டாப்பில் அது திக்குகிறது. "பழசுங்கறதால எடுக்க மாட்டேங்குதுப்பா" என்றார், ஏதோ தன்னைப் பற்றிச் சொல்வது போல.

கடைப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "கேம் மேல தப்பு இல்ல அங்கிள். லேப்டாப் மேலயும் தப்பு இல்ல. இதுக்கு எட்டுப் பேர் வேணாம், ஒருத்தர் போதும்" என்றான். இரண்டு நிமிஷ வேலை. கேம் ஓடத் தொடங்கியது. பேரனுக்கு அந்தப் பழைய கிராஃபிக்ஸ் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவன் செய்ததை நீங்களும் செய்யலாம். கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் கேமின் பெயரைக் கண்டுபிடித்து ரைட் கிளிக் செய்தால் 'செட் அஃபினிட்டி' என்று ஒரு வரி வரும். அதற்குள் எல்லாக் கோர்களுக்கும் டிக் போட்டிருக்கும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எல்லாத் திக்கலும் இதில் தீராது. சில கேம்களுக்கு ஒரு நொடிக்கு எத்தனை படம் என்ற வேகத்தையும் கட்ட வேண்டும். 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் 'ஃப்ரேம் லிமிட்டர்' என்று ஒன்று உண்டு. அதை அணைத்துவிட்டு வேகமான மெஷினில் ஓட்டினால் நீச்சல் போன்ற சில அசைவுகள் ஒழுங்காக வராது. இன்னொன்று, பல கோர்களுக்காகவே எழுதப்பட்ட புதுக் கேமுக்கு இந்த வைத்தியத்தைச் செய்தால் அது படுத்துவிடும்.

'அஃபினிட்டி' என்றால் பற்று. பற்றை விடு, பற்றை விடு என்று இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற நாட்டில், ஒன்றின் மேல் பற்று வைத்தால்தான் பிழைப்பாய் என்று ஒரு மெஷின் சொல்கிறது. வேடிக்கைதான்.

கதை இதோடு முடியவில்லை. 2017-ல் ஏ.எம்.டி. 'த்ரெட்ரிப்பர்' என்று 16 கோர் ராட்சசன் ஒன்றைக் கொண்டுவந்தது. அத்தனை கோர்களைப் பார்த்ததும் சில கேம்கள் ஓடவே மறுத்தன. அதனால் அதற்கு 'கேம் மோட்' என்று ஒரு ஏற்பாடு. அதைப் போட்டால் 16-ல் 8 கோர்கள் தூங்கப் போய்விடும். 2021-ல் இன்டெல் பெரிய கோர்களும் சின்னக் கோர்களும் கலந்த 12-ஆம் தலைமுறை ப்ராஸஸரை வெளியிட்டது. சில கேம்களின் திருட்டுத் தடுப்புப் பூட்டு, சின்னக் கோர்களைப் பார்த்து 'இது வேறு யாரோ ஒருவரின் கம்ப்யூட்டர்' என்று நினைத்துக்கொண்டது. அதற்கு இன்டெல் தந்த தற்காலிக வழி என்ன தெரியுமா? கீபோர்டில் 'ஸ்க்ரோல் லாக்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, யாரும் தொடாத பட்டன். அமைப்பில் ஒரு வசதியைத் திறந்து வைத்துவிட்டு அதைத் தட்டினால் சின்னக் கோர்கள் ஒதுங்கி நிற்கும். ஆடி முடித்து மறுபடி தட்டினால் வேலைக்கு வரும். பழைய டர்போ பட்டன் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

மூன்று காலம், மூன்று மெஷின், ஒரே பாடம். புதியவன் கொஞ்சம் அடங்கினால் பழையவன் வாழ்கிறான்.

இனி என் கேள்வி. ஏன் புதியவன் அடங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. உலகம் முன்னேறிவிட்டது, நீ மாறிக்கொள், இல்லையென்றால் ஒதுங்கிக்கொள் என்று கேமைப் பார்த்துச் சொல்லலாமே. அதிலும் தப்பு கேம் பேரில் இருந்தால்?

1990-களில் 'சிம்சிட்டி' என்று ஒரு புகழ்பெற்ற கேம். ஊர் கட்டும் விளையாட்டு. ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற சாஃப்ட்வேர்காரர், மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்தவர், 2004-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அதைப் பற்றிச் சொல்கிறார். சிம்சிட்டியில் ஒரு பிழை இருந்தது. உபயோகித்து முடித்து 'இந்த இடம் எனக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்த மெமரியை மறுபடியும் போய் எட்டிப் பார்க்கும். வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வந்து சமையலறையில் தோசைக்கல்லைத் தேடுகிற வாடகைதாரர் மாதிரி. பழைய விண்டோஸில் வீடு காலியாகவே கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் 95-ல் உடனே வேறு ஆள் குடிவந்துவிட, சிம்சிட்டி விழுந்தது.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? தப்பு அந்தக் கேமின் தப்பு. ஆனாலும் விண்டோஸ் 95-க்குள் ஒரு தனி ஏற்பாடு எழுதினார்கள். ஓடுவது சிம்சிட்டியா என்று பார். ஆமாம் என்றால் காலி செய்த இடத்தை உடனே வேறு யாருக்கும் கொடுக்காதே.

இதில் கருணை எத்தனை, வியாபாரம் எத்தனை என்று கேட்பீர்கள். புது விண்டோஸ் வாங்கியதும் கேம் நின்றுபோனால் ஜனங்கள் கேமைத் திட்ட மாட்டார்கள், விண்டோஸைத்தான் திட்டுவார்கள். ஆகவே வியாபாரம்தான். ஆனால் அதற்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் உலகத்தை மாற்றியது யார்? சிம்சிட்டி யார் வீட்டுக் கதவையும் தட்டி 'என்னைப் புது மெஷினில் போடு' என்று கேட்கவில்லை. மாற்றியவனுக்குத்தான் கையில் பலமும் இருக்கிறது, மாற்றத்தால் லாபமும் இருக்கிறது. லாபம் ஒரு பக்கம், சிரமம் முழுக்க இன்னொரு பக்கம் என்றால் அந்தக் கணக்கு டாலி ஆகாது. பி.காம். முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தது.

தேய்மானக் கணக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 60 சதவீதம் தேய்மானம் என்று இருந்தது, 2017-18 முதல் 40 சதவீதமானது. மிச்சமிருக்கும் மதிப்பில்தான் ஒவ்வொரு வருஷமும் கழிப்பார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் மெஷின் அடுத்த வருஷம் முப்பதாயிரம், அதற்கடுத்து பதினெட்டாயிரம். இந்த முறையில் ஒரு விசேஷம். எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. ஏதோ ஒரு ரூபாயாவது, ஒரு பைசாவாவது பாக்கி நிற்கும். கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த விஷயம் நமக்கு மறந்துபோகிறது.

அந்தப் பாக்கி சில சமயம் நாம் குறை என்று நினைக்கிற இடத்திலேயே இருக்கும். 1978-ல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமைப் பாருங்கள். திரையில் 55 வேற்றுக்கிரகவாசிகள் மெதுவாக இறங்கி வருவார்கள். சுடச் சுட, மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசி ஆசாமி பறப்பான். அப்படித் திட்டமிட்டு எழுதியதில்லை. அந்தக் காலத்து ப்ராஸஸரால் 55 பேரை வேகமாக வரைய முடியவில்லை. ஆள் குறையக் குறைய அதற்கு வேலை குறைந்தது, வேகம் வந்தது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பதற்றம்தான் ஆட்டத்தின் உயிராக ஆனது. இதை 'உன் சோம்பேறித்தனத்தைச் சரிசெய்கிறேன்' என்று முழு வேகத்தில் ஓட்டினால், ஆட்டம் செத்துவிடும். யாரையாவது திருத்தப் போகுமுன் அவரிடம் எது கோளாறு, எது சுபாவம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மெஷின் பேச்சு போதும். மனிதர்களிடம் வருவோம். இத்தனை நேரம் அவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஒரு வங்கிக் கிளையில் பார்த்தது. எழுபதைத் தாண்டிய பெரியவர். முதல் கவுண்ட்டரில் 'டோக்கன் எடுங்க' என்றார்கள். டோக்கன் மெஷின் போன் நம்பர் கேட்டது. நம்பர் மகனுடையது. மூன்றாவது கவுண்ட்டரில் 'கே.ஒய்.சி. அப்டேட் ஆகலை, அங்கே போங்க' என்றார்கள். அங்கே 'ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க' என்றார்கள். ஓ.டி.பி. பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போயிருந்தது. அவருக்குப் போன் போட்டுக் கேட்டு வருவதற்குள் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. பெரியவர் நின்று திகைத்தார். பின்னால் இருந்த இளைஞர் 'வயசானாலே இப்படித்தான்' என்று முணுமுணுத்தார்.

வயசானதாலா? நாற்பது வருஷம் ஒரு குடும்பத்தின் வரவு செலவை ஒரு பைசா பிசகாமல் ஓட்டிய மூளை அது. இன்றைக்கும் பேரப்பிள்ளைகளின் நட்சத்திரம் வரை சொல்லும். அவரை ஐந்து கவுண்ட்டர்களுக்குத் தூக்கித் தூக்கி வைத்தோம். ஐந்திலும் மணி வேறு வேறு. திகைத்ததும் 'ஸ்லோ' என்று பெயர் வைத்தோம்.

2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு உத்தரவு போட்டது. மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கண்ணில் படும்படி தனிக் கவுண்ட்டரோ முன்னுரிமைக் கவுண்ட்டரோ வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பணம் எடுப்பது, போடுவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே கொடுக்க முயல வேண்டும். இது என்ன? 'செட் அஃபினிட்டி'தான். எட்டில் ஒன்றை இவருக்கு ஒதுக்கு, இவரை அலைக்கழிக்காதே. உத்தரவு போட்டது சரி. உங்கள் ஊர்க் கிளையில் அந்தக் கவுண்ட்டர் எங்கே இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

திக்கிப் பேசுகிற பிள்ளைகள் விஷயத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள். பையன் ஒரு வார்த்தையில் தடுமாறும்போது நாம் உதவுகிறோம் பேர்வழி என்று வாக்கியத்தை முடித்து வைப்போம். 'சீக்கிரம் சொல்லு' என்போம். இரண்டும் கூடாது. அவன் முடிக்கும்வரை காத்திரு, அவன் முகத்தைப் பார், அவசரம் காட்டாதே. உதவி என்று நாம் கொட்டுவதில் பாதியை நிறுத்திக்கொள்வதுதான் சில சமயம் உதவி.

'அதெப்படி சார், இருக்கிற பலத்தை உபயோகிக்காமல் சும்மா வைத்திருப்பது வேஸ்ட் இல்லையா?' என்று கேட்பவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போக ஆசை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஐந்து ரதங்களைச் சுற்றிப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைக் கல்லில் மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தவர்கள், ஏதோ காரணத்தால் முடிக்காமல் விட்டுவிட்டார்கள். பீம ரதத்தின் அடிப்பாகம் இன்னும் கல்லாகவே இருக்கிறது. அதே ஊரில் இன்றைக்கும் உளிச் சத்தம் கேட்கிறது. கல் அறுக்கும் மெஷினும் கிரைண்டரும் இருக்கின்றன. 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கிறது. ஒரு கான்ட்ராக்ட் விட்டால் பல்லவன் விட்ட மிச்சத்தை முடித்துக்கொடுக்கத் திறமையுள்ள கைகள் அங்கேயே உண்டு. யாரும் முடிக்கவில்லை. முடிக்கவும் விடமாட்டார்கள். முடியும் என்பதாலேயே செய்துவிடக் கூடாது என்று ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அதை வேஸ்ட் என்று யாரும் சொல்வதில்லை. மரியாதை என்கிறோம்.

அதே மாமல்லபுரத்தில்தான் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' எல்லா ஊரிலும் வணக்கம் சொன்னானே, ஞாபகமிருக்கும். 1997-லேயே டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்துவிட்டது. இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனே உலக சாம்பியனை ஜெயிக்கும். ஆனால் போட்டி அரங்கத்துக்குள் போன் கூடாது. முதல் 40 நகர்த்தலுக்கு ஒரு ஆளுக்கு 90 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல். மனித மூளையின் வேகத்துக்குத் தோதான கடிகாரம். உலகத்தின் அத்தனை வேகத்தையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்தார்கள். அதனால்தான் அங்கே முதல் போர்டில் ஆடித் தங்கம் வாங்கிய 16 வயது குகேஷுக்கு அந்தத் தங்கத்தில் அர்த்தம் இருந்தது.

இவ்வளவு சொன்னதும் சிலர் சந்தோஷமாகக் கையைத் தூக்குவார்கள். 'அப்படியென்றால் பழைய வழக்கங்கள் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்கள்!'

இல்லை. இங்கேதான் கோட்டைச் சரியாகப் போட வேண்டும். பழைய கேம் கேட்பது ஒரு கோர். தன் ஓரத்தில் தன் பாட்டுக்கு ஓடும். மற்ற ஏழும் தங்கள் வேலையைப் பார்க்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 'நான் பழசு, ஆகவே எல்லோரும் என் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்' என்று ஒன்று கிளம்பினால்? இன்ன ஜாதிக்காரன் இந்தத் தெருவில் நடக்கக் கூடாது, பெண் படித்தது போதும் என்று சொல்கிற வழக்கங்களும் பழசுதான். அவை கேட்பது ஓரம் இல்லை, அடுத்தவன் கழுத்து. அவற்றுக்குக் கால் கோர்கூடத் தர வேண்டியதில்லை. அவை திக்கி நின்றால் நிற்கட்டும்.

ஆக, ஒன்று பழசா புதுசா என்பது முக்கியமில்லை. அது வாழ்வதற்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடுப்பவன் கையில் ஏராளமாக இருந்து, கேட்பவனுக்கு வேண்டியது கொஞ்சமாக இருந்து, அதனால் மூன்றாம் ஆளுக்கு நஷ்டமில்லை என்றால், கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவன் கொடுப்பவன்தான். கேட்பவன் கைகட்டி நின்று தன் தகுதியை நிரூபிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. டாஸ்க் மேனேஜரில் 'செட் அஃபினிட்டி' போடுகிறீர்களே, அது நிரந்தரம் இல்லை. கேமை மூடினால் அந்த ஏற்பாடும் போய்விடும். அடுத்த முறை திறக்கும்போது எட்டு பேரும் மறுபடி பாய்ந்து வருவார்கள். நீங்கள் மறுபடி போய் ஏழு டிக்கை எடுக்க வேண்டும்.

மனிதர்களிடமும் அப்படித்தான். போன மாதம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பணம் அனுப்பக் கற்றுக்கொடுத்தேனே என்பது இந்த மாதம் செல்லாது. 'எத்தனை வாட்டிப்பா சொல்றது' என்று வாய் வரைக்கும் வரும். ஏழு டிக்கை எடுங்கள். டி.வி.யை அணையுங்கள், உங்கள் போனைக் கவிழ்த்து வையுங்கள், அவசரத்தை வெளியே அனுப்புங்கள். ஒருவர் மட்டும், ஒரே கடிகாரத்தோடு, அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

பாருங்கள், திக்காமல் ஓடுவார்.